முதல் ரிக்கை ஒரு சைஸ் பெரிதாகவே வாங்குங்கள்

கேள்வி: வயது 31. ஹூஸ்டனில் வேலை. விமானத்திலிருந்து பாரசூட்டோடு குதிக்கும் ஸ்கைடைவிங்கில், தொடக்கப் பயிற்சியான ஏஎஃப்எஃப் முடித்து 19 ஜம்ப் ஆகியிருக்கிறது. அடுத்த மாதம் முதல் நிலை உரிமமான ஏ லைசென்ஸ் கிடைத்துவிடும். இதுவரை 230 சதுர அடி வாடகைக் குடையில்தான் (பாரசூட்) இறங்குகிறேன். என் எடை 82 கிலோ. நாங்கள் குதிக்கும் இடமான ட்ராப்ஸோனில் ஒருவர் தன் முழு ரிக்கை, அதாவது குடைகளும் முதுகுப்பையும் சேர்ந்த செட்டை, 3,200 டாலருக்குத் தருவதாகச் சொல்கிறார். மெயின் (முதன்மைக் குடை) 150 சதுர அடி சேபர் 2, ரிசர்வ் (அவசரக் குடை) 143, கூடவே ரிசர்வைத் தானாகத் திறக்கும் கருவியான சைப்ரஸ் 2, 2011 மார்ச்சில் தயாரானது. "இப்போது கொஞ்சம் வேகமாகத் தெரியும், போகப்போகப் பழகிவிடும்" என்கிறார். மெயினையும் ரிசர்வையும் இணைக்கும் ஆர்எஸ்எல் பட்டையைக் கழற்றி வைத்திருக்கிறார், அது தேவையே இல்லையாம். வாங்கலாமா? ஹெல்மெட்டில் கேமரா எப்போது மாட்டலாம்?

பதில்: வாங்காதீர்கள். விற்பவர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. அவருக்கு அது நல்ல ரிக்காகவே இருந்திருக்கும். உங்களுக்கு அது ஆகாது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். இந்த விளையாட்டில் எல்லாம் பவுண்டிலும் சதுர அடியிலும்தான் ஓடுகிறது. 82 கிலோ என்பது 181 பவுண்டு. உடை, ஹெல்மெட், முதுகில் தொங்கும் ரிக் எல்லாம் சேர்த்து இன்னொரு 25 பவுண்டாவது வரும். ஆக, விமானத்தின் கதவைத் தாண்டும்போது நீங்கள் 206 பவுண்டு. அதைக் குடையின் சதுர அடியால் வகுத்தால் வருவதுதான் விங் லோடிங். உங்கள் 230இல் அது 0.9. அவருடைய 150இல் 1.37. புதியவர்களுக்கு ஒன்றை ஒட்டியே இருக்கட்டும் என்பதுதான் ட்ராப்ஸோன்களில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. 210 வாங்கினால் உங்களுக்கு 0.98, 190 வாங்கினால் 1.08. இந்த இரண்டு அளவுக்குள்தான் உங்கள் முதல் குடை இருக்கிறது. அதிலும் 190க்குப் போகுமுன் வாடகைக்கு 210 எடுத்துப் பத்துப் பதினைந்து ஜம்ப் செய்துவிட்டு, உங்கள் பயிற்சியாளரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

"கொஞ்சம் வேகமாகத் தெரியும்" என்றாரே, அங்கேதான் சிக்கல். குடை சிறிதானால் முன்னோக்கிப் போகும் வேகமும் கூடுகிறது, இறங்கும் வேகமும் கூடுகிறது. குடையின் கயிறுகளான லைன்களின் நீளமும் குறைவதால், ஒரு பக்கம் டாகிளை, அதாவது திருப்பும் கைப்பிடியை, இழுத்தால் சட்டென்று திரும்பும். திரும்பும்போது இழக்கும் உயரமும் அதிகம். நேராக வந்து, சரியான உயரத்தில் ஃபிளேர் செய்து, அதாவது இரண்டு டாகிளையும் சேர்த்து இழுத்து வேகத்தைக் குறைத்து, இறங்கும் நாட்களில் 150கூட உங்களை மெத்தென்று இறக்கிவிடும். அதனால்தான் விற்பவர்களுக்கு அது சாதாரணமாகத் தெரிகிறது. தவறு நடக்கும் நாளில்தான் குடையின் அளவு தெரியும். ஐம்பது அடி உயரத்தில் திடீரென்று குறுக்கே இன்னொருவர் வருகிறார், அல்லது எதிரில் வேலி இருப்பதை இப்போதுதான் கவனிக்கிறீர்கள். கை தானாக ஒரு டாகிளை முழுசாக இழுத்துவிடும். 230இல் அந்தத் தவறுக்குத் தண்டனை அழுக்கான பேண்ட்டாக இருக்கலாம். 150இல் உடைந்த தொடை எலும்பு.

நானே இதில் அடிபட்டவன். நாற்பது ஜம்ப்கூட ஆகாத காலத்தில் ஒரு 170ஐ மலிவாகக் கிடைத்ததே என்று வாங்கினேன். ஆகஸ்ட் மாதம், மதியம், இலை அசையாத நாள். வெயிலில் காற்றின் அடர்த்தி குறையும், அதே குடை இன்னும் வேகமாகத் தரையை நோக்கி வரும் என்பது பாடத்தில் படித்ததுதான். படித்தது காலுக்குத் தெரியவில்லை. கடைசி நேரத்தில் ஒரு சின்னத் திருப்பம், கணுக்காலில் இரண்டு எலும்பு, ஆறு வாரம் மாவுக்கட்டு. குடை கடைசிவரை அழகாகத் திறந்தே இருந்தது. விழுந்து கிடந்தபோதுதான் ஒன்று புரிந்தது: பாரசூட் திறக்குமா திறக்காதா என்றுதான் வீட்டில் எல்லோரும் பயப்படுகிறார்கள், இங்கே கால் உடைபவர்களில் மிகப் பலர் நன்றாகத் திறந்த குடையின் கீழேதான் உடைத்துக்கொள்கிறார்கள். நீங்கள் இருப்பதும் டெக்சஸ், கோடைக்குக் குறைவில்லை.

ஜூன் மாதம் பள்ளிச் சீருடை வாங்கப் போனால் நம் அம்மாக்கள் ஒரு சைஸ் பெரிதாகத்தான் எடுப்பார்கள். "வளர்ற பிள்ளை" என்று சொல்லிக் கீழே மடித்துத் தைத்துவிடுவார்கள். ட்ராப்ஸோனில் எல்லாம் தலைகீழ். வளர்ந்து பொருந்தட்டும் என்று சின்னதை வாங்குகிறார்கள். அம்மாக்கள் சொன்னபடி செய்யுங்கள்.

சரி, மெயினை மட்டும் மாற்றிக்கொள்ளலாமே என்று தோன்றும். முடியாது. குடைகளை வைக்கும் அந்த முதுகுப்பை, அதாவது கன்டெய்னர், குறிப்பிட்ட அளவுக் குடைகளுக்காகத் தைக்கப்பட்டது. 150க்குத் தைத்ததில் 190ஐத் திணித்தால் மூடவே முடியாது; முக்கி முக்கி மூடினாலும் திறக்க வேண்டிய நேரத்தில் சிக்கல் செய்யலாம். ஆகவே நீங்கள் தேட வேண்டியது 190 இறுக்கமாகவும் 170 சுகமாகவும் அடங்கும் கன்டெய்னர். அப்படி ஒன்று கிடைத்தால் இருநூறு ஜம்ப்பைத் தாண்டி 170க்கு இறங்கும்போது குடையை மட்டும் மாற்றினால் போதும். ஜாவலின், வெக்டர், மிராஜ், இன்ஃபினிட்டி எதுவாக இருந்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. பிராண்டைவிட அளவு முக்கியம்.

ஹார்னஸ் அளவும் அப்படித்தான். விற்பவர் உங்களைவிடக் குட்டையா, நெட்டையா? தோளிலிருந்து இடுப்புக்கு வரும் அந்தப் பட்டையின் நீளம் உங்கள் உடம்புக்குப் பொருந்தவில்லை என்றால், சிக்கிய மெயினைக் கழற்றிவிடும் கட்அவே கைப்பிடியும் ரிசர்வ் கைப்பிடியும் பயிற்சியில் கை பழகிய இடத்தில் இருக்காது. அதை வெட்டித் தைத்துச் சரிசெய்யலாம், ஆனால் தயாரித்த நிறுவனமோ, ரிக்குகளைப் பழுதுபார்க்கச் சான்று பெற்ற மாஸ்டர் ரிக்கரோ செய்ய வேண்டிய வேலை. செலவு நூற்றுக்கணக்கான டாலர்.

ரிசர்வைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. 143 சதுர அடி ரிசர்வில் உங்கள் கணக்கு 1.44. மெயினை ஃபிளேர் செய்யக் கைகள் இருக்கும். ரிசர்வ் திறக்கும் நாளில் நீங்கள் நினைவோடு இருப்பீர்கள் என்று சொல்ல முடியாது. விமானத்தைவிட்டு வெளியேறும்போது தலையில் இடித்து மயங்கியவரை, தானியங்கிக் கருவி ரிசர்வைத் திறந்து காப்பாற்றும். ஆனால் அவருக்காக ஃபிளேர் செய்ய ஆள் இல்லை. எந்த வயலில், எந்தப் பக்கம் காற்று அடிக்கும்போது விழுகிறாரோ அப்படியே விழ வேண்டியதுதான். ரிசர்வின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் அதிகபட்ச எடை அச்சிட்டிருக்கும். எந்த ரிக்கை வாங்கினாலும் ரிக்கரைத் திறக்கச் சொல்லி அதைப் படியுங்கள். ரிசர்வும் மெயின் அளவுக்கு, முடிந்தால் அதற்கு மேல் இருப்பதே நல்லது.

இப்போது அந்தத் தானியங்கிக் கருவி. சைப்ரஸ் 1991இல் ஜெர்மனியில் இருந்து வந்தது. சாதாரண எக்ஸ்பர்ட் வகை, சுமார் 225 மீட்டர் உயரத்தில் நீங்கள் நொடிக்கு 35 மீட்டருக்கு மேல் விழுந்துகொண்டிருந்தால் ரிசர்வை மூடி வைத்திருக்கும் லூப்பை வெட்டி அதைத் திறந்துவிடும். 2011இல் தயாரான சைப்ரஸ் 2இன் ஆயுள் பன்னிரண்டரை ஆண்டுகள். கூட்டிப் பாருங்கள், 2023 செப்டம்பரோடு முடிந்துவிட்டது. ஆக அந்த 3,200 டாலரில் உயிர்காக்கும் கருவியே இல்லை. புதிது ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். விற்பவர் இதைச் சொன்னாரா? சொல்லவில்லை என்றால், மறந்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம்.

ஆர்எஸ்எல் விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. மெயின் சிக்கி அதைக் கட்அவே செய்தால், விலகிப் போகும் மெயினே ஆர்எஸ்எல் மூலம் ரிசர்வின் பின்னை இழுத்துவிடும். அது இல்லாவிட்டால் கட்அவே செய்துவிட்டு நீங்களே இரண்டாவது கைப்பிடியைத் தேடி இழுக்க வேண்டும். 19 ஜம்ப் செய்தவர் சுழன்றுகொண்டே, தரை மேலே வருவதைப் பார்த்துக்கொண்டு, கட்அவே செய்த மலைப்பில் இரண்டாவது கைப்பிடியை மறந்தே போகலாம். கேமரா எடுப்பவர்களில் சிலர் தகுந்த காரணத்தோடு அதைக் கழற்றுவதுண்டு. நீங்கள் அந்தக் கூட்டத்தில் இல்லை. மெயினைச் சட்டென்று கழற்றிவிட பில் பூத் கண்டுபிடித்த மூன்று வளையமும், விலகும் மெயினைக் கொண்டே ரிசர்வை வேகமாக வெளியே இழுக்கப் பிறகு வந்த ஸ்கைஹுக்கும் எப்படி வேலை செய்கின்றன என்று உங்கள் ரிக்கரிடம் கேளுங்கள். கேட்கப் பிடிக்கும் கதை.

சரி, பிறகு எப்படி வாங்குவது? இப்போதைக்கு ரிக்கே வேண்டாம். முதலில் ஒரு ஹெல்மெட், உயரம் காட்டும், கையில் கட்டும் ஆல்டிமீட்டர், நல்ல கண்ணாடி. இவை எந்தக் குடைக்கு மாறினாலும் உங்களோடு வரும். காதருகே பீப் அடிக்கும் ஆல்டிமீட்டரைக் கொஞ்சம் தாமதமாகவே வாங்குங்கள். அது அடிக்கும் வரை காத்திருக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டால் பிரிக்க முடியாது. ஜம்ப்புக்கு 25 முதல் 30 டாலர் வாடகை என்று வைத்தால் ஐம்பது ஜம்ப்புக்கு ஆயிரத்து ஐந்நூறு வரை போகும். வீண்செலவு மாதிரி தெரியும், ஆனால் அந்தக் காசில்தான் உங்களுக்கு எந்த அளவு, எந்த வகைக் குடை பிடிக்கிறது என்று தெரியவரும். அதற்குள் பி லைசென்ஸுக்குத் தேவையான ஐம்பது ஜம்ப்பும் குடைப் பயிற்சியும் முடிந்திருக்கும். அந்தப் பயிற்சியில் பிரேக் பிடித்தபடியே தட்டையாகத் திரும்பக் கற்றுத் தருவார்கள். என் கணுக்காலுக்கு அது ஒன்று தெரிந்திருந்தால் போதும்.

அப்புறம் பழைய ரிக்காகவே தேடுங்கள். காசு மட்டும் காரணம் இல்லை. புத்தம் புதிய ஸீரோ போராசிட்டித் துணி, அதாவது காற்று ஊடுருவாத துணி, வழுக்கும். மடிக்க மடிக்கக் காற்று உள்ளேயே நின்று கையைவிட்டுப் பிதுங்கிப் போகும். ஹேங்கர் தரையில் குடையின் மேல் படுத்துக்கொண்டு கண்ணீர் விட்ட புதியவர்களைப் பார்த்திருக்கிறேன். முந்நூறு, நானூறு ஜம்ப் ஆன துணி சொன்னபடி கேட்கும். சேபர் 2, பைலட், சஃபையர் போன்றவை உங்களுக்குச் சரி. வேகத்துக்கென்றே செய்த கட்டானா, வெலாசிட்டி போன்ற குடைகளின் பெயர்கள் விளம்பரத்தில் இருந்தால் விலையைப் படிக்காமலே தாண்டிப் போங்கள்.

விலை பேசி முடித்தாலும் பணத்தைக் கையில் கொடுத்துவிடாதீர்கள். ரிக் முதலில் உங்கள் ரிக்கரிடம் போகட்டும். விற்பவருடைய ரிக்கரிடம் இல்லை, உங்களுடையவரிடம். அமெரிக்காவில் விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ விதிப்படி ரிசர்வை 180 நாளுக்கு ஒருமுறை சான்று பெற்ற ரிக்கர்தான் மடிக்க வேண்டும். ரிசர்வோடு வரும் அட்டையில் எல்லாத் தேதியும் கையெழுத்தும் இருக்கும். "இன்னும் நாலு மாதம் இருக்கு, பிரிக்க வேண்டாம்" என்று விற்பவர் சொன்னால் மறுபடிப் பிரிக்கும் செலவை நீங்களே ஏற்றுக்கொண்டு பிரிக்கச் சொல்லுங்கள். மெயினில் லைன்களைப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்பெக்ட்ரா லைன் என்றால், குடை திறக்கும்போது லைன்களில் வழுக்கி இறங்கும் ஸ்லைடர் துணி உரசும் சூட்டில் மெல்ல மெல்லச் சுருங்கும், அதிலும் டாகிளோடு இணைந்த பிரேக் லைன்கள் அதிகமாக. பிரேக் லைன் குட்டையானால் டாகிளை முழுசாக மேலே விட்டாலும் குடை லேசாகப் பிரேக் பிடித்தபடியே பறக்கும். மெயினை வெளியே இழுக்கும் சின்னக் குடையான பைலட் ஷூட்டுக்குள் ஓடும் கயிறு, கில் லைன், சுருங்கியிருந்தால் பைலட் ஷூட் முழுசாகக் காற்றுப் பிடிக்காது, குடை தாமதமாகத் திறக்கும், அல்லது திறக்காமலே இழுபடும். கன்டெய்னரின் அடியில் பைலட் ஷூட்டைச் செருகி வைக்கும் எலாஸ்டிக் பை தளர்ந்திருந்தால் நீங்கள் இழுக்காமலே அது வெளியே வந்துவிடக்கூடும், விமானத்தின் கதவருகே நிற்கும்போதுகூட. இவற்றில் பாதி சின்னப் பழுதுதான். லைன் மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொள்ளலாம்.

கேமராவுக்கு ஒரே வரி: அமெரிக்கப் பாரசூட் சங்கமான யுஎஸ்பிஏ சொல்வது 200 ஜம்ப், அதற்கு முன் வேண்டாம். அம்மாவுக்கு வீடியோ அனுப்ப வேண்டும் என்றால் உங்களோடு குதிப்பவரிடம் எடுக்கச் சொல்லுங்கள்.

இப்போது விற்பவருக்கு என்ன சொல்வது? வாரக்கடைசிதோறும் அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும். "எனக்கு 190தான் வேண்டும் என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார்" என்று பயிற்சியாளர்மேலோ என்மேலோ பழியைப் போடுங்கள். சைப்ரஸ் தேதியையும் காதில் போட்டுவையுங்கள், அடுத்து வாங்க வருபவருக்காக.

ரிக் கைக்கு வந்த பிறகு முதல் ஜம்ப்பை யாரோடும் சேர்ந்து செய்யாதீர்கள். தனியாக ஐயாயிரம் அடிக்கு மேலேயே குதித்து உடனே திறந்துவிடுங்கள். 2,500 அடிக்கு வருவதற்குள் ஐந்தாறு முறை ஃபிளேர் செய்து, எந்த இடத்தில் கை வந்தால் குடை தூக்குகிறது, எந்த இடத்தில் தொய்ந்து பின்னால் சாய்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு காலியான வயலாகப் பார்த்து, நேராக வந்து இறங்குங்கள்.