அப்பா ஊர்ல இல்ல

அன்புள்ள அண்ணா,

மூணு வருஷமா ஒரு மாவட்ட கோர்ட்ல ப்ராக்டிஸ் பண்றேன், ஒரு சீனியர் ஆபீஸ்ல ஜூனியர். போன மாசம் ஒரு திருட்டு கேஸ். அவன்தான் எடுத்தான்னு என்கிட்டயே ஒத்துக்கிட்டான். விடுதலை ஆயிட்டான், எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வரல. தெரிஞ்சே ஒருத்தனுக்காக வாதாடறது தப்பில்லையா? கூடப் படிச்சவங்க இன்ஸ்டால ரீல்ஸ் போட்டு கேஸ் கொடுக்கற கட்சிக்காரங்களைப் பிடிக்கிறாங்க, அதுவும் சரியான்னு தெரியல. ஆபீஸ்லயும் ஏகப்பட்ட சங்கடம், ஃபீஸ் பாக்கி வெச்ச ஒரு அம்மா தன் கேஸ் கட்டைக் கேட்டு வந்தா சார் ஊர்ல இல்லன்னு நான்தான் சொல்லி அனுப்பணும், இந்த மாதிரி. இந்தத் தொழில்ல நல்லவளா இருக்க முடியுமாண்ணா?

(பேர் போட வேணாம்னு கேட்டிருந்தாங்க.)

அன்புள்ள தங்கச்சிக்கு,

முதல் கேள்வியை சட்டுனு முடிச்சிடறேன். வக்கீல்களுக்கு விதி போடற பார் கவுன்சில் ஆஃப் இந்தியா ரூல்ஸ்லயே இருக்கு, குற்றம் சாட்டப்பட்டவன் செஞ்சானா இல்லையான்னு உங்க சொந்த அபிப்பிராயம் என்னவா இருந்தாலும் அவனுக்காக வாதாடணும், சரியான சாட்சியம் இல்லாம யாரையும் தண்டிக்கக் கூடாதுங்கறதுதான் சட்டம். பொய் சாட்சி ஏத்துனீங்களா? பேப்பர் ஏதாவது திருத்துனீங்களா? இல்லல்ல. நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு வேலை, அவங்க கோட்டை விட்டதுக்கு நீங்க ஏன் முழிச்சுக்கிட்டு இருக்கீங்க, தூங்குங்க.

ரீல்ஸ். வேணாம். அதே ரூல்ஸ்ல 36 விளம்பரமே கூடாதுங்குது, வாசல்ல மாட்டற போர்டு கூட அளவா இருக்கணும். 2024ல சென்னை ஹைகோர்ட் ஆன்லைன்ல வக்கீல் பிடிச்சுத் தர்ற சைட்டுங்களைப் பத்தி காட்டமாவே ஒரு தீர்ப்பு கொடுத்துச்சு, படிங்க. அந்த ரூல் இந்தக் காலத்துக்குப் பொருந்துமான்னு எனக்கும் சந்தேகம் உண்டு, ஆனா அது வேற சண்டை.

உங்க லெட்டர்ல நான் மாட்டிக்கிட்ட இடம் வேற. “சார் ஊர்ல இல்லன்னு நான்தான் சொல்லி அனுப்பணும், இந்த மாதிரி.” இந்த மாதிரியா? திருடனுக்கு மூணு வரி எழுதி தூக்கம் வரலன்னு சொன்ன நீங்க அந்த அம்மாவுக்கு ஒரு வரி எழுதி “இந்த மாதிரி”ன்னு முடிச்சிட்டீங்க பாருங்க, அங்கதான் எனக்கு சுர்ருனு வந்துச்சு. கோவம் உங்க மேல பாதிதான். மீதி யார் மேலன்னு சொல்றேன்.

எங்கப்பா வக்கீல் குமாஸ்தா. கும்பகோணத்துல ஒரு சீனியர்கிட்ட இருபத்தெட்டு வருஷம். கட்டு கட்டறதுல அவர் மாதிரி ஆள் கிடையாது, வாதி போட்ட பிளெயின்ட் தனியா, பிரதிவாதி ஸ்டேட்மெண்ட் தனியா, டாக்குமெண்ட் தனியா அடுக்கி நாடா போட்டு இறுக்கி மேல ஓ.எஸ்.னு வர்ற சிவில் கேஸ் நம்பர், வருஷம், வாதி பேர் பிரதிவாதி பேர் முத்து முத்தா எழுதுவார். ஃபீஸ் பாக்கி வெச்சிட்டு வேற வக்கீல்கிட்ட போகப் பாக்கறவங்க கட்டு மட்டும் ஆபீஸ்ல இருக்காது, எங்க வீட்டு பரண்ல இருக்கும். ஏன்னா யாராவது வந்து சத்தம் போட்டா “கட்டு இங்க இல்லய்யா, வேணும்னா தேடிப் பாரு”ன்னு சீனியர் சாமி சத்தியமே பண்ணலாம் பாருங்க, பொய் சொல்ற பாவம் குமாஸ்தா வீட்டுக்கு. எங்க வீட்ல அந்த வேலை எனக்கு வந்துச்சு, அப்ப எனக்குப் பத்து வயசு.

வலங்கைமான் பக்கத்துலேர்ந்து ஒரு அம்மா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வரும். புருஷன் இல்ல, கொழுந்தனார் நெலத்துக்கு கேஸ் போட்டுட்டாரு, சீனியர் வாய்தா மேல வாய்தா வாங்கி எதுவுமே நடக்கல, வேற வக்கீலைப் பாத்துருச்சு, அவரு கட்டு கொண்டாம்மான்னுட்டார், அசல் பத்திரம் வேற அதுக்குள்ளதான். பாக்கி முன்னூத்தம்பது ரூபா. “தம்பி, அப்பா இருக்காரா?” “அப்பா ஊர்ல இல்ல.” சொல்லும்போதே உள்ள அப்பா தொண்டையைச் செருமற சத்தம் கேக்கும், எனக்கு கேட்டா அந்தம்மாவுக்கும் கேட்டிருக்கும்ல, ஆனா ஒரு வார்த்தை கேக்காது, திண்ணையில உக்காந்து தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு வந்தேன்னு சொல்லு தம்பின்னு எந்திரிச்சுப் போயிடும். மூணாவது வாரம் மஞ்சப்பையில முருங்கைக்காய் கொண்டாந்துச்சு. வாங்கிட்டோம். சாம்பார் வெச்சோம்.

அந்தம்மா தரப்புல யாரும் ஆஜராகாம கேஸ் எக்ஸ்பார்ட்டி ஆயிடுச்சுன்னு ஒரு நாள் ராத்திரி அப்பா அம்மாகிட்ட சொல்லிட்டு இருந்தார். முப்பது நாளைக்குள்ள அதை ரத்து பண்ணச் சொல்லி செட் அசைட் போடலாம், போடலியேன்னார். யார் வந்து போடுவாங்கன்னு நெனச்சார்னு தெரியல.

இதுக்கு சட்டம் என்ன சொல்லுதுன்னு உங்களுக்கு காலேஜ்லயே சொல்லிக் கொடுத்திருக்கணும், ஆர்.டி. சக்சேனா கேஸ், 2000ம் வருஷம். போபால்ல ஒரு கூட்டுறவு பேங்க் தன்னோட வக்கீலை மாத்துது, அவருக்கு 97,100 ரூபா ஃபீஸ் பாக்கி, அது வராம ஃபைலைத் தரமாட்டேன்னு உக்காந்துட்டார். சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. அவரு காண்ட்ராக்ட் ஆக்ட் 171ஐப் பிடிச்சார், சரக்கை வெச்சிருக்கறவன் பாக்கி வர்ற வரைக்கும் தராம பிடிச்சு வெச்சுக்கலாம்ங்கற செக்‌ஷன். கோர்ட் கேட்டது சிம்பிள், அது சரக்கா இருக்கணும்னா விக்கக் கூடியதா இருக்கணும், கேஸ் கட்டை எவன்கிட்ட போய் விப்ப? அடகுக்கடையில வைக்க முடியுமா அதை? வலங்கைமான் அம்மாவுக்கு மட்டும்தான் அது நெலம், மத்த எல்லாருக்கும் அது பழைய பேப்பர். கட்சிக்காரர் கேட்டு கட்டைத் தரலன்னா அது தொழில்முறை தவறு, வக்கீலைத் தண்டிக்கற அட்வகேட்ஸ் ஆக்ட் 35ல வரும்னு தீர்ப்பு. பார் கவுன்சில் அவருக்குக் கொடுத்த 18 மாச சஸ்பென்ஷனை மட்டும் வயசானவர், இதைப் பத்தி அதுவரைக்கும் தெளிவான தீர்ப்பு இல்லன்னு சொல்லி வெறும் கண்டனமா சுப்ரீம் கோர்ட் குறைச்சிடுச்சு. இப்ப தீர்ப்பு இருக்கு, உங்க சீனியருக்கு அந்த சலுகையும் கிடையாது.

அப்ப ஃபீஸ்? கேஸ் போடட்டும். வக்கீலுக்குத் தெரியாத கேஸா. கட்சிக்காரங்க எல்லாம் யோக்கியம்னு நான் சொல்ல வரல, ஜெயிச்ச அன்னிக்கு பின்வாசல் வழியா போனவங்களைப் பத்தி அப்பா கதை கதையா சொல்வார், குமாஸ்தா ஃபீஸ் வராத மாசம் எங்க வீட்ல மளிகைக்கடை பாக்கி நிக்கும். அதெல்லாம் நெஜம். உங்களுக்கே ஒழுங்கா சம்பளம் வருதா? ஜூனியருக்கு பெரிய ஊர்ல 20,000, மத்த ஊர்ல 15,000 மாசம் தரணும்னு அதே 2024ல ஹைகோர்ட் சொல்லிச்சு, உங்களுக்குக் கையில எவ்ளோ வருதுன்னு நான் கேக்கல. பயம் புரியுது. சீனியரை எதுத்து நிக்கச் சொல்லல.

ஆனா நான் அப்பாவை மன்னிக்காதது கட்டைக் கொடுக்காததுக்கு இல்ல. கொடுத்திருந்தா வேலை போயிருக்கும், மூணு புள்ளைங்க. வழி இருந்துச்சு, அவருக்குத் தெரியும், சொல்லல, அதான். ஆட்சேபணை இல்லன்னு பழைய வக்கீல் நோ அப்ஜெக்‌ஷன் தரலன்னா காரணத்தைச் சொல்லி கோர்ட்ல பெர்மிஷன் வாங்கி புது வக்கீல் ஆஜராகலாம். கேஸ் பேப்பருக்கு கோர்ட்லயே நகல் மனு போட்டு வாங்கலாம். பத்திரத்துக்கு சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல நகல் கிடைக்கும். இருபத்தெட்டு வருஷ குமாஸ்தா, நகல் மனு கண்ணை மூடிட்டு எழுதுவார். திண்ணைக்கு வந்து ரெண்டு நிமிஷம் பேசியிருந்தா போதும்.

அப்பா 2011ல போனார். பரணை எறக்குனப்ப ஏழு கட்டு. சீனியரோட பையனும் வக்கீல்தான், போன் பண்ணேன், எடைக்குப் போட்டுருங்கன்னார். வலங்கைமான் கட்டை மட்டும் எடுத்துக்கிட்டு பஸ் ஏறினேன். அந்தம்மா போய் பல வருஷம் ஆச்சு, பேரன் இருந்தார், பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு இது எங்க அப்பாயி கைநாட்டான்னு போன்ல போட்டோ எடுத்துக்கிட்டார், நெலமெல்லாம் எப்பவோ கை மாறிப் போச்சாம். நீங்க யாருன்னு கேட்டார். குமாஸ்தா பையன்னேன், அவருக்கு ஒண்ணும் புரியல. காபி போட்டு கொண்டாந்தாங்க. குடிச்சிட்டு வந்தேன்.

நல்லவளா இருக்க முடியுமான்னு கேட்டிருந்தீங்க, அது எனக்குத் தெரியலம்மா. உங்க ஆபீஸுக்கு வர்ற அந்தம்மா எத்தனை தடவை வந்துட்டாங்க? கேஸ் இப்ப எந்த ஸ்டேஜ்ல இருக்கு, அடுத்த வாய்தா என்னிக்கு, கட்டுக்குள்ள அசல் எதுவும் இருக்கா? இது மூணையும் பாத்துட்டு எழுதுங்க. அதுக்குள்ள அவங்க வந்துட்டா வாசல் வரைக்கும் கூடப் போய் நகல் மனுன்னு ஒண்ணு இருக்குன்னு மட்டும் காதுல போட்டு அனுப்புங்க, சார் ஊர்ல இல்லாதப்பவே.