வீட்டில் இருக்கும் பட டிவிடிகளுக்கு பேக்கப் எடுத்து வைப்பது வேலை மெனக்கெட்ட காரியமா?

மெனக்கெட்ட காரியம்தான். நானே இரண்டு முறை மெனக்கெட்டவன், அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் வீட்டிலும் ஷோகேஸில் பொம்மைகளுக்குப் பின்னால் இரண்டு வரிசையாக அடுக்கி வைத்திருப்பீர்கள். பிளேயர் எப்போதோ பழைய இரும்புக்குப் போயிருக்கும். அந்த வரிசையின் கடைசியில் உங்கள் வீட்டுக் கல்யாண டிவிடி ஒன்று கிடக்கும் பாருங்கள், முதலில் அதை எடுங்கள். சினிமா காத்திருக்கும்.

நான் தலைகீழாகச் செய்தேன். எங்கள் வீடு பல்லடம் பக்கம், வீட்டை ஒட்டியே தறிக்குடோன். பஞ்சு நுழையாத சாமான் கிடையாது. மோசர் பேர் கம்பெனியின் பட விசிடி 28 ரூபாய்க்கும் டிவிடி 34 ரூபாய்க்கும் வந்த காலத்தில், சனிக்கிழமை திருப்பூர் போனால் இரண்டு படமாவது வாங்காமல் திரும்பமாட்டேன். அப்படிச் சேர்ந்தது இருநூறுக்கு மேல். 2011-ல் கரண்ட் இருக்கும் நேரமாகப் பார்த்து எல்லாவற்றுக்கும் காப்பி எடுத்தேன். 8.5 ஜிபி டிவிடியை 4.7 ஜிபிக்குச் சுருக்கி, டப்பா டப்பாவாக வாங்கிய வெற்று டிவிடியில் ரைட் செய்து, மேலே ஸ்கெட்ச் பேனாவில் பெயர். என் கல்யாண டிவிடி மூன்றையும் மட்டும் தொடவில்லை. நம்முடையதுதானே, எங்கே போய்விடப்போகிறது?

இதில் கூத்து என்னவென்றால், கடையில் வாங்கிய அசல்கள் இன்றும் ஓடுகின்றன. நான் எடுத்த காப்பிகளில் பாதி செத்துவிட்டன. கம்பெனியில் அச்சடித்து வருவதில் பதிவு பிளாஸ்டிக்கிலேயே குழி குழியாக இருக்கும். நாம் ரைட் செய்வது ஒரு சாயத்தின் மேல் லேசர் போடும் சூடு. சாயம் வெயிலுக்கும் வெக்கைக்கும் போகும் என்று திருப்பூர்க்காரனுக்குச் சொல்லவா வேண்டும்? ஆனாலும் சிமெண்ட் அட்டைக்கு அடியில்தான் வைத்திருந்தேன்.

கல்யாண டிவிடியும் ஸ்டுடியோவில் ரைட் செய்து கொடுத்ததுதான், அதே சாயம். 2019-ல் அப்புச்சி, அம்மாவின் அப்பா, தவறினார். காரியம் எல்லாம் முடிந்த பிறகு அம்மா கல்யாண வீடியோவைப் போடச் சொன்னார். பாகம் 1 ஓடியது. பாகம் 2, மாப்பிள்ளையின் அக்கா தங்கை நிற்கும் இணைச் சீர் வரைக்கும் வந்தது. அக்கா நிற்கிறாள், ஓரமாக அப்புச்சி உருமாலைச் சரிசெய்துகொண்டு காமிராவைப் பார்த்து வாயைத் திறக்கிறார், உடனே திரை முழுக்கப் பச்சைக் கட்டங்கள். அதோடு நின்றுவிட்டது.

ஸ்டுடியோக்காரரிடம் ஓடினேன். "அந்தக் கேசட்டுல அடுத்த முகூர்த்தமே எடுத்துட்டமுங்க" என்றார், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்த மாதிரி. சரி, அவரைச் சொல்லி என்ன. இப்போது லட்சக்கணக்கில் வாங்குகிறவர்கள் மட்டும் என்ன செய்கிறார்கள்? போன மாதம் ஒரு கல்யாணத்தில் மங்கல வாழ்த்துப் பாடிக்கொண்டிருந்த பெரியவரிடம் "கொஞ்சம் சுருக்கா முடிங்க, லைட் போகுது" என்கிறான் காமிராப் பையன். வயலில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஓடுவதற்கு ட்ரோன் உண்டு, சீருக்கு நேரம் இல்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், விடுங்கள்.

மீட்டது இப்படி. விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்று ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறது, இலவசம். முதல் சுற்றில் படிக்க முடியாத இடத்தைத் தாண்டிப்போய் நல்ல பகுதியை எல்லாம் எடுத்துக்கொள்ளும். அப்புறம் விட்ட இடங்களில் திரும்பத் திரும்ப முட்டும். எது வந்தது, எது பாக்கி என்று மேப் ஃபைலில் குறித்துக்கொள்வதால் நடுவில் நிறுத்தலாம், டிவிடியைத் துடைக்கலாம், வேறு ட்ரைவில் போட்டு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரு ட்ரைவ் படிக்காததை இன்னொன்று படித்துவிடும். கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் கழற்றிப் போட்டிருந்த பழைய ட்ரைவ் மூன்று வாங்கி மாற்றி மாற்றி ஓட்டினேன். துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். மேலே ஒட்டிய ஸ்டிக்கரைப் பிய்க்காதீர்கள். எங்களுடையதில் இதய வடிவத்துக்குள் நானும் வீட்டுக்காரியும், பின்னால் சுவிட்சர்லாந்து. பிய்க்கத்தான் ஆசை, இருந்தாலும் விட்டுவிட்டேன்.

விசிடி என்றால் இவ்வளவு பாடு இல்லை, எம்பெக்ஏவி ஃபோல்டரில் இருக்கும் டேட் ஃபைலை அப்படியே காப்பி செய்தால் போதும். எதுவானாலும் மறுபடி வெற்று டிவிடியில் போடாதீர்கள். இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒன்று வேறு வீட்டில். என்னுடையது அக்கா வீட்டில் இருக்கிறது.

"பட டிவிடியைக் காப்பி எடுப்பது திருட்டு" என்று சிலர் வருவார்கள், தெரியும். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்த்த 65ஏ பிரிவு, காப்பி எடுக்க முடியாதபடி போட்ட பூட்டை உடைப்பதைப் பற்றிப் பேசுகிறது. படித்துவிட்டு உங்கள் முடிவை நீங்களே எடுங்கள். நான் காசு கொடுத்து வாங்கியதைத்தான் எடுத்தேன், ஒருத்தருக்கும் கொடுத்ததில்லை. என் கல்யாணத்துக்கு யாரிடம் உரிமை வாங்குவது?

பாகம் 2-ல் கிட்டத்தட்ட எல்லாம் வந்துவிட்டது, நாலைந்து இடம் தவிர. பென் டிரைவில் போட்டு அம்மாவுக்குக் காட்டினேன். அப்புச்சி உருமாலைத் தொடுகிறார், வாயைத் திறக்கிறார், படம் ஒரு குதி குதித்து அடுத்த சீருக்குப் போய்விடுகிறது. "எங்கய்யன் அதுல என்னமோ சொல்லுவாரே கண்ணு?" என்றார் அம்மா.

மேப் ஃபைலை அழிக்கவில்லை. போன வாரம் நாலாவது ட்ரைவ் ஒன்று கிடைத்தது.