வாசலில் மேளம், கூடத்தில் பேச்சு

மதிப்பிற்குரிய ஐயா,

கும்பகோணத்தில் இருக்கிறேன். மகளுக்குத் தை மாதம் கல்யாணம். முதல் நாள் மாலை மண்டபத்தில் வரவேற்பு. அறுநூறு பேர் வருவார்கள். நாதஸ்வரம் வைக்கவேண்டும் என்பது என் ஆசை. சம்பந்தி வீட்டார் மெல்லிசைக் குழு இருந்தே ஆகவேண்டும் என்கிறார்கள். மகளும் தோழிகளும் டி.ஜே. கேட்கிறார்கள். மூன்றையும் வைத்தால் பணமும் போய், ஒன்றையும் யாரும் கேட்காமலும் போய்விடுமோ என்று கவலையாக இருக்கிறது. பாட்டுப் போட்டால் உரிமைக் கட்டணம் கட்டவேண்டும் என்று வேறு ஒருவர் பயமுறுத்துகிறார். என் அம்மாவுக்கு 78 வயது. நலங்குப் பாட்டும் லாலியும் நிறையத் தெரியும். இப்போது அவரைப் பாடச் சொல்வார் யாரும் இல்லை. எப்படித் திட்டமிடலாம் என்று சொல்லுங்கள்.

ஒரு வாசகர், கும்பகோணம்

அன்புள்ள நண்பருக்கு,

மூன்றையும் வைக்கலாம். ஒரே மேடையில், ஒரே ஒலிபெருக்கியில், ஓய்வே இல்லாமல் வைத்தால்தான் நீங்கள் பயப்படுவது நடக்கும். எது எங்கே, எப்போது, எவ்வளவு சத்தத்தில் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். மண்டபத்துக்காரரிடமும் மைக் செட்காரரிடமும் அதை விட்டுவிடாதீர்கள்.

சென்ற ஆண்டு எங்கள் உறவில் ஒரு வரவேற்புக்குப் போயிருந்தேன். முன்வரிசையில் என் பெரியம்மா உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்கவென்றே கோவில்பட்டியிலிருந்து அவருடைய நாத்தனார் வந்திருந்தார். இருவரும் பார்த்துக்கொண்டு பதினைந்து வருடமாவது இருக்கும். பத்தடி தள்ளி ஆளுயர ஒலிபெருக்கி. நாத்தனார் பெரியம்மாவின் காதருகே வாயை வைத்து எதையோ கேட்டார். பெரியம்மா காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு தலையை ஆட்டினார். மறுபடி கேட்டார், மறுபடியும் தலையாட்டல். பிறகு இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு மேடையைப் பார்த்தபடி சும்மா இருந்துவிட்டார்கள். எனக்கு மனசு ஆறவே இல்லை. இத்தனை செலவு செய்து ஊரைக் கூட்டுவது எதற்காக? வந்தவர்கள் நாலு வார்த்தை பேசிக்கொள்ளத்தானே!

ஆகவே முதல் வேலை சத்தத்தைக் குறைப்பது. கல்யாண மண்டபம் என்றால் தரை முழுக்க டைல்ஸ், வெறும் சுவர்கள், உயரமான கூரை. எழும்பிய ஒலி அடங்க இடமே கிடையாது. முன்னால் இரண்டு பெரிய பெட்டிகளை வைத்துக் கடைசி வரிசைவரை கேட்கவைக்கப் பார்த்தால் முன்வரிசைக்காரர்களின் காது கிழிந்துபோகும். அந்த வரிசையில்தான் வயதானவர்களை உட்காரவைக்கிறோம். அதற்குப் பதில் சின்னப் பெட்டிகளாக ஆறோ எட்டோ கூடத்தின் இரு பக்கமும் வைத்து, ஒவ்வொன்றிலும் கொஞ்சமாக ஒலி வரும்படி செய்யச் சொல்லுங்கள். 85 டெசிபல் ஒலியை எட்டு மணி நேரம் காது தாங்கும், 100 டெசிபலை எட்டினால் கால் மணி நேரம்தான் என்பது கேட்புத்திறன் வல்லுநர்களின் கணக்கு. ஒலியை அளக்க இன்று கைபேசியிலேயே செயலி இருக்கிறது. துல்லியமாக இருக்காது, ஆனால் நிலவரம் தெரியும். அதைவிட நல்ல சோதனை ஒன்று உண்டு. விருந்தினர் வருவதற்கு முன்பே பெட்டிகளைப் பாடவிட்டு, நீங்களும் உங்கள் மனைவியும் முன்வரிசையில் உட்கார்ந்து சாதாரணக் குரலில் பேசிப் பாருங்கள். குரலை உயர்த்தவேண்டியிருந்தால் உடனே குறைக்கச் சொல்லுங்கள்.

இனி நாதஸ்வரம். உங்கள் ஆசையை விட்டுக்கொடுக்காதீர்கள். நாதஸ்வரம் செய்யும் நரசிங்கம்பேட்டை உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆச்சா மரத்தில் அங்கே கடைந்தெடுக்கும் வாத்தியத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் ஊரும் அந்த வட்டாரம்தான். சுருதி குறைந்த, நீளமான பாரி நாதஸ்வரத்தைப் பரப்பியவர் அவர். அப்படிப்பட்ட மண்ணிலிருந்துகொண்டு மேளம் இல்லாமல் கல்யாணம் செய்ய மனசு வருமா?

ஆனால் மேளக்காரர்களைக் குளிரூட்டிய கூடத்துக்குள் மேடையேற்றி மைக் வைக்காதீர்கள். அது கோயில் வீதியில் சுவாமிக்கு முன்னால் நின்று வாசிப்பதற்கென்று வளர்ந்த வாத்தியம். அடைத்த கூடத்தில், அதுவும் ஒலிபெருக்கி வழியாக வந்தால் மூளையைத் துளைக்கும். அப்புறம் பழி வாத்தியத்தின் மேல் விழும். வாழை மரம் கட்டிய வாசல் பந்தலில், நிழலாக ஓரிடத்தில் சின்ன மேடை போடுங்கள். மைக் வேண்டாம். மாலை ஆறு மணிக்குத் தொடங்கினால் ஏழரைவரை, விருந்தினர் வண்டியிலிருந்து இறங்கி உள்ளே நுழையும் நேரம் முழுவதும் மேளக்காரர்களுடையது. தெருமுனையிலேயே தவில் காதில் விழும். கல்யாண வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று மனசு அங்கேயே மலர்ந்துவிடும். கல்யாணி, மோகனம், ஷண்முகப்ரியா என்று அவர்கள் விருப்பத்துக்கு வாசிக்கட்டும். ஒரு ராகத்தை எடுத்து இருபது நிமிடம் ஆலாபனை செய்ய விடுங்கள். நடுவில் ஓடிப்போய்ச் சினிமாப் பாட்டுக் கேட்காதீர்கள். அதற்குத்தான் உள்ளே ஒரு குழு இருக்கிறதே.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது எனக்கு நேரில் பட்ட வேதனை. ஒரு மண்டபத்தில் முதிய வித்வான் ஒருவர் வாசிக்க உட்கார்ந்தார். வாத்தியத்தில் நூலில் கட்டித் தொங்கிய, ஊதும் முனையில் பொருத்துகிற சீவாளிகளில் ஒன்றை எடுத்து உதட்டில் வைத்து ஈரப்படுத்தினார், ஊதிப் பார்த்தார், சரியில்லையென்று வேறொன்றை எடுத்தார். பொறுமையாக ஐந்து நிமிடம் இந்த வேலை நடந்தது. தவில்காரர் வலது கை விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு காத்திருந்தார். வித்வான் நாட்டை ராகத்தை எடுத்து நாலு பிடி வாசித்திருப்பார், உள்ளேயிருந்து டி.ஜே. அலறியது. அவர் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டார். யாரையும் குறை சொல்லவில்லை. பிறகு சாப்பாட்டுக் கூடத்தில் தேடினேன். கடைசிப் பந்தியிலும் அவர்களை யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. நானும் இன்னொருவரும் போய் அழைத்து வந்தோம். உங்கள் வீட்டில் அப்படி நடக்கவேண்டாம். அச்சாரம் கொடுக்கும்போதே வெற்றிலை பாக்கு வைத்து நீங்களே நேரில் அழையுங்கள். வயிறு நிரம்பினால் ஊத முடியாது என்பதால் பலர் வாசிப்பதற்கு முன் சாப்பிட மாட்டார்கள். வாசித்து முடித்தவுடன் வரும் பந்தியில் அவர்களுக்கு இலை போடும் பொறுப்பை வீட்டாரில் ஒருவரிடம் ஒப்படையுங்கள். மறுநாள் விடிகாலையில் முகூர்த்தத்துக்குக் கெட்டிமேளம் கொட்டப்போகிறவர்களும் அவர்கள்தானே!

மெல்லிசைக் குழு ஏழரைக்குத் தொடங்கட்டும், ஒன்றேகால் மணி நேரம் போதும். சம்பந்தி வீட்டார் விரும்பிக் கேட்பதை மறுக்காதீர்கள். பாட்டுப் பட்டியலை அவர்களோடு உட்கார்ந்து தயாரித்தால் அதுவே உறவுக்கு நல்ல தொடக்கம். மணமக்களின் தாத்தா பாட்டி காலத்துப் பாட்டுகள் நாலைந்து கட்டாயம் இருக்கட்டும். மென்மையான பாட்டுகள் முதலில், தாளக்கட்டு மிகுந்தவை பின்னால். சீட்டில் எழுதி வரும் விருப்பப் பாட்டுகளைக் கடைசி இருபது நிமிடத்துக்கு ஒதுக்கிவையுங்கள்.

டி.ஜே.க்கு ஒன்பதிலிருந்து பத்து. முடிந்தால் வேறு கூடம், கதவைச் சாத்திக்கொள்ளலாம். ஆடுகிறவர்கள் ஆடட்டும், அவர்களுடைய சந்தோஷமும் சந்தோஷம்தான். மூத்தவர்கள் அதற்குள் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது. மூடிய கூடங்களுக்கு விலக்கு உண்டென்றாலும், பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்கவேண்டும் என்பதற்காகவாவது பத்துக்கு நிறுத்துங்கள். இதை மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உரிமைக் கட்டணம் பற்றிக் கலங்கவேண்டாம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 52(1)(இசட்.ஏ.), சமயச் சடங்குகளில் இசையை நிகழ்த்துவதும் ஒலிப்பதிவை ஒலிபரப்புவதும் உரிமை மீறல் ஆகாது என்கிறது. கல்யாண ஊர்வலத்தையும் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களையும் அந்தப் பிரிவின் விளக்கம் சேர்த்தே சொல்கிறது. 2023 ஜூலையில் மத்திய அரசும் இதைத் தெளிவுபடுத்தி அறிவிப்பு வெளியிட்டது. அதன் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திவைத்தது அம்மாவைப் பற்றிய இரண்டு வரிதான். காசு கொடுத்து எந்தக் குழுவிடமும் அந்தப் பாட்டுகளை வாங்க முடியாது. மெல்லிசை முடிந்து டி.ஜே. தொடங்குமுன் கால் மணி நேரம் கிடைக்கும். எல்லாப் பெட்டிகளையும் அணைத்துவிடச் சொல்லுங்கள். அம்மாவை மேடையேற்றவேண்டாம், படி ஏறுவதும் சிரமம், கூச்சமும் வரும். மணமக்களைக் கீழே இறக்கி அவர் எதிரில் உட்காரவையுங்கள். உறவுப் பெண்கள் சுற்றி உட்காரட்டும். ஒரு லாலி, ஒரு நலங்கு, போதும். குரல் தழுதழுத்தால் பின்பாட்டுக்கு ஆள் வேண்டும். அத்தைமார் யாராவது இருப்பார்களே, அவர்களை இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பாட்டுகளில் நாத்தனாரையும் சம்பந்தியையும் கேலி செய்யும் வரிகள் இருக்கும், அவற்றையும் விடாமல் பாடச் சொல்லுங்கள். சம்பந்தி வீட்டுப் பெண்கள் பதில் பாட்டு எடுத்தாலும் எடுப்பார்கள்.

தை மாதத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. இன்று சாயங்காலமே அம்மாவிடம் உட்கார்ந்து கேளுங்கள். மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவள் கையாலேயே ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். மறந்துபோன வரிகளுக்கு இடம் விட்டு எழுதட்டும், பாடப் பாட அம்மாவுக்கு ஞாபகம் வரும்.