ஆய்வுக் களஞ்சியத்துக்கு எந்த மென்பொருள்? கேள்வி பதில்

ஆய்வேடுகளையும் கட்டுரைகளையும் சேமித்து வழங்கக் கட்டற்ற மென்பொருளைத் தேடும் கொங்கு வட்டாரக் கல்லூரி நூலகர்களும் பேராசிரியர்களும் கேட்டவை இவை.

கல்லூரி நூலகர், ஈரோடு: ஐயா, டிஸ்பேஸா, ஈபிரிண்ட்ஸா என்று எங்கள் குழுவில் முடிவாகவில்லை. நூலகத்தில் கோஹா நன்றாக ஓடுகிறது. அதிலேயே ஆய்வேடுகளையும் ஏற்றிவிடலாமா?

கோஹா நூற்பட்டியலுக்கும், நூல்களை வழங்கித் திரும்பப் பெறுவதற்கும் உரியது. முழு ஆய்வேட்டை வெளியீட்டுத் தடைக்காலம், பார்வை அனுமதி ஆகியவற்றோடு காப்பதற்கு அதை உருவாக்கவில்லை. மற்ற இரண்டில், 2000இல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் பிறந்த ஈபிரிண்ட்ஸ் பெர்ல் மொழியில் அமைந்தது. எளிய சர்வரே அதற்குப் போதும். 2002இல் எம்ஐடியும் எச்பியும் சேர்ந்து வெளியிட்ட டிஸ்பேஸுக்கு ஜாவா, போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம், சோலர் என்ற தேடுபொறி மூன்றும் வேண்டும். 2021இல் வந்த 7ஆம் பதிப்பில் பயனர் காணும் முகப்பும் ஆங்குலர் என்ற நிரல் சட்டகத்தில் தனியாகப் பிரிந்துவிட்டதால், மூலையில் கிடக்கும் பழைய கணினியில் அதை ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம். இருந்தாலும் டிஸ்பேஸையே பரிந்துரைப்பேன். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைத் திரட்டி வைக்கும் ஷோத்கங்காவே அதில்தான் இயங்குகிறது. ஆகவே நிறுவியவர் வேலை மாறிப் போனாலும், அதைத் தெரிந்த இன்னொருவரை நம் நாட்டில் தேடிப் பிடிப்பது எளிது. வசதிப் பட்டியல்களை ஒப்பிடுவதைவிட இதுவே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

தமிழ்த்துறைப் பேராசிரியர், கோபிசெட்டிபாளையம்: எங்கள் பழைய ஆய்வேடுகளின் பிடிஎப் திரையில் தெளிவாகத் தெரிகிறது, தேடினால் எதுவும் கிடைப்பதில்லை. மென்பொருளை மாற்ற வேண்டுமா?

வேண்டாம் அம்மா. எந்த மென்பொருளை வைத்தாலும் இது தீராது. ஒரு கோப்பைத் திறந்து, ‘தமிழ்’ என்ற சொல்லை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் வந்தால், அது யூனிகோடு அல்லாத பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்டது. கண்ணுக்குத் தமிழாகத் தெரிவதைத் தேடுபொறி ஆங்கில எழுத்துகளாகவே படிக்கிறது. மூல வேர்டு கோப்பு இருந்தால் யூனிகோடுக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் டெசராக்ட் என்ற எழுத்துணரியைத் தமிழ்த் தரவோடு ஓட்டித் திருத்துங்கள். அதுவரை தலைப்பு, சுருக்கம், குறிச்சொற்களையாவது யூனிகோடில் உள்ளிடுங்கள். குறிச்சொல்லை வேற்றுமை உருபு ஏறாத வடிவில் இடுவது முக்கியம். தமிழுக்கென்று சோலரை அமைக்காவிட்டால், ‘மஞ்சள்’ என்று தேடுபவருக்கு ‘மஞ்சளின்’ என்று மட்டும் உள்ள பதிவு அகப்படாது.

கணினித்துறை உதவிப் பேராசிரியர், நாமக்கல்: வெளி நிறுவனம் ஒன்று நிறுவித் தருவதாகச் சொல்கிறது. ஒப்பந்தத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

காப்பு நகலைத்தான். டிஸ்பேஸில் ஏற்றிய கோப்புகள் ‘அசெட்ஸ்டோர்’ என்ற கோப்புறையில் நீண்ட எண்களையே பெயராகக் கொண்டு கிடக்கும்; எந்த எண் எந்த ஆய்வேடு என்பது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கு மட்டுமே தெரியும். ஒன்றை மட்டும் நகலெடுத்து வைத்தால் பயனில்லை. இரண்டின் நகலும் உங்கள் கைக்குத் தவறாமல் வர வேண்டும் என்றும், சர்வரின் முழு அனுமதி கல்லூரியிடமே இருக்க வேண்டும் என்றும் எழுத்தில் வாங்குங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்த நகலை வேறொரு கணினியில் ஏற்றித் திறந்து காட்டச் சொல்லுங்கள். மென்பொருளுக்குக் காசில்லை என்பதால் பராமரிப்புக்கும் காசில்லை என்று நிர்வாகம் எண்ணிவிடுகிறது. பல களஞ்சியங்கள் முடங்குவது இதனால்தான்.

ஆய்வு மாணவர், கோவை: கள ஆய்வுத் தரவுகளையும் இதிலேயே வைக்கலாமா?

சிறு அட்டவணைகள் என்றால் வைக்கலாம். பதிப்பு பதிப்பாக மாறும் தரவுகள் மிகுதியாக இருந்தால், ஆய்வுத் தரவுகளுக்கென்றே ஹார்வர்டில் உருவான டேட்டாவெர்ஸ் என்ற மென்பொருள் பொருந்தும்.

நூலகர், சேலம்: எங்கள் டிஸ்பேஸ் இணைப்புகள் எல்லாவற்றிலும் 123456789 என்ற எண் வருகிறது. இது சரியா?

அது மென்பொருளோடு வரும் மாதிரி எண். அதை மாற்றாமல் விட்ட கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் அதே எண்தான். உங்கள் தளத்தின் முகவரி மாறினால் அந்த நிரந்தர இணைப்பு எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்காது. நிரந்தர இணைப்புகளைப் பதிவு செய்யும் ஹேண்டில் என்ற அமைப்பில் சிறு ஆண்டுக் கட்டணம் செலுத்தி, உங்களுக்கென்று ஒரு முன்னெண் பெறுங்கள். பதிவுகள் சில நூறாக இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். பிறர் கட்டுரைகளில் மேற்கோளாக ஏறிவிட்ட பழைய இணைப்புகளைப் பின்னால் திருத்த வழியில்லை.