பழைய மீன் குழம்பு – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

மீன் குழம்பின் ருசி வைத்த அன்றைக்குத் தெரியாது, மறுநாள்தான் தெரியும் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அயிலை வாங்கினேன். பையை வண்டியில் மாட்டிக்கொண்டே வேறு இரண்டு வேலைகளை முடித்து வீடு சேர மதியம் ஒரு மணி ஆகிவிட்டது. குழம்பு வைத்து, மறுநாள் காலை இட்லிக்கு ஊற்றிச் சாப்பிட்டோம். அரை மணி நேரத்தில் எனக்கும் மனைவிக்கும் முகமும் கழுத்தும் சிவந்து ஒரே அரிப்பு, தலைவலி. சாயங்காலத்துக்குள் தணிந்துவிட்டது. மருத்துவர், இது ஒவ்வாமை மாதிரித் தெரியவில்லை, மீன்தான் கெட்டிருக்கும் என்றார். குழம்பில் நாற்றம் இல்லை, நன்றாகக் கொதிக்கவும் வைத்திருந்தோம். இனி மறுநாள் குழம்பே கூடாதா? இன்னொரு சந்தேகம். ஒவ்வொரு முறையும் மீன் உடைந்து கரைந்துவிடுகிறதே, ஏன்?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

முதலில் உங்கள் இருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கட்டுரையில் நான் பாதிதான் எழுதினேன். மீதிப் பாதி எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிராதது. அதனால் எழுதத் தோன்றவே இல்லை. நாகப்பட்டினம் பக்கம் எங்கள் தெருவுக்கு மீன்காரம்மா காலை எட்டு மணிக்குக் கூடையோடு வருவார். பத்து மணிக்குள் மீன் சட்டியில் இருக்கும். என் அம்மாயி (அம்மாவின் அம்மா) மறுநாள் வரை வைத்திருந்தது குழம்பைத்தான். மீனை ஒரு மணி நேரம்கூடச் சும்மா வைத்திருந்ததில்லை.

உங்கள் மருத்துவர் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வந்திருக்கிறது பாருங்கள், அதுவே ஒரு அடையாளம். அயிலை, சூரை, மத்தி, நெத்திலி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. மீன் செத்த பிறகு சூட்டில் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். ஒவ்வாமை வரும்போது நம் உடம்பே சுரக்கிற பொருள்தான் அது. அதனால்தான் பார்க்க ஒவ்வாமை போலவே இருக்கிறது. இதில் கொடுமை என்னவென்றால், கொதிக்க வைத்தால் பாக்டீரியா சாகும், ஹிஸ்டமின் போகாது. புளியாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது. நாற்றத்தை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. மே மாத வெயிலில் வண்டியில் தொங்கிய அந்தப் பை போதும். அதற்கு முன்பே கடையில் கெட்டிருக்கவும் கூடும். (மூச்சு முட்டினாலோ உதடு, நாக்கு வீங்கினாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மறுபடி அயிலை சாப்பிடுவதையும் உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டே செய்யுங்கள்.)

ஆகவே மீன் வாங்குவது அன்றைய கடைசி வேலையாக இருக்கட்டும். மூடி போட்ட டப்பா ஒன்றைக் கொண்டுபோய், கடைக்காரரிடமே நொறுக்கிய ஐஸ் கேட்டு, மீனுக்கு மேலும் கீழும் போட்டுக் கொண்டுவாருங்கள். வந்ததும் கழுவி நேரே அடுப்பு; முடியாவிட்டால் உடனே குளிர்பெட்டி. மாதத்தையும் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் கொஞ்சம் வரும். மற்றது எங்கிருந்து, எத்தனை நாள் ஐஸில் கிடந்து வந்ததோ. அந்த இரண்டு மாதமும் திருச்சியில் இருக்கிறவர் ஏன் கடல் மீனைத் தேட வேண்டும்? உயிரோடு கிடைக்கிற விரால் வாங்குங்கள், கெண்டை வாங்குங்கள். நன்னீர் மீன்களில் இந்தத் தொல்லை அரிது. சேற்று வாடைக்குக் கல்லுப்பும் புளியும் போட்டு உரசிக் கழுவினால் போதும். அந்த வாடை புளிப்பில் அடங்கிவிடும்.

இனி உடைகிற விஷயம். நீங்கள் மீனை ஆட்டுக்கறி போல வேக வைக்கிறீர்கள் என்று சந்தேகப்படுகிறேன். ஆட்டுக்கறியில் தசையைக் கட்டி வைத்திருக்கும் சவ்வு இளக நேரம் பிடிக்கும். மீனில் அது மெல்லிசு, சூடு ஏறியதுமே இளகிவிடும். அதனால் மீன் போடுவதற்கு முன்பே குழம்பு குழம்பாகிவிட வேண்டும். அரைக் கிலோ மீனுக்கு எலுமிச்சை அளவு புளி. நல்லெண்ணெயில் வெந்தயம், சின்ன வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை, தக்காளி வதக்கி, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், மல்லித்தூள் போட்டுப் புளித்தண்ணீர் ஊற்றுங்கள். பச்சை வாடை போய், வற்றி, எண்ணெய் மேலே மிதக்கிற வரை கொதிக்கட்டும். அப்போது ருசி பார்த்தால் உப்பும் காரமும் கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும், மீன் இழுத்துக்கொள்ளும். தலைத்துண்டை முதலில் போட்டு, இரண்டு நிமிடம் கழித்து மற்றவற்றைப் பரத்தி வையுங்கள். ஆறேழு நிமிடம். கரண்டியே உள்ளே போகக் கூடாது. துணியால் சட்டியின் இரு பக்கமும் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றினால் போதும். மண்சட்டி என்றால் இன்னும் சீக்கிரமே அடுப்பை அணையுங்கள், இறக்கிய பிறகும் அது கொதித்துக்கொண்டிருக்கும்.

மறுநாள் குழம்பு கூடாதா என்றால், கூடும். உப்பும் புளிப்பும் சதைக்குள் மெதுவாகத்தான் இறங்கும். தலையிலிருந்தும் முள்ளிலிருந்தும் இறங்கிய பசை குழம்பைக் கெட்டியாக்கும். அதற்கு ராத்திரி முழுவதும் வெளியே வைக்க வேண்டியதில்லை. அம்மாயி ராத்திரி ஒருமுறை சுட வைத்து மூடுவார். இன்றைய வெயிலுக்கு அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் வேண்டியதை மட்டும் எடுத்து நன்றாகக் கொதிக்க வைத்தால் ருசியில் ஒன்றும் குறையாது.

தடைக்காலம் முடிந்து படகுகள் திரும்பி ஒரு வாரம் போகட்டும். காலையில் ஐஸ் டப்பாவோடு போய், கண் தெளிந்து, செவுள் சிவந்து, விரலால் அழுத்தினால் குழி விழாத சங்கராவாகப் பார்த்து வாங்குங்கள். தலையோடு கேளுங்கள், கடைக்காரர் ஒதுக்கிவிடப் போகிறார். எப்படி வந்தது என்று எழுதுங்கள், காத்திருக்கிறேன்.