சிண்ட்ரெல்லாவுக்கு எதற்கு மந்திரக்கோல்?

கே: பிரிட்ஜர்டன் தொடரைப் பார்த்துவிட்டு ரீஜென்சி காதல் நாவல்களாகத் தேடிப் படிக்கிறேன். எதை எடுத்தாலும் சிண்ட்ரெல்லா, இல்லாவிட்டால் பியூட்டி அண்ட் த பீஸ்ட். இவர்களுக்கு வேறு கதையே கிடைக்காதா? (வாசகி, திருச்சி)

ப: கிடைக்கும், ஆனால் இந்தக் கதைகள் அந்தக் காலத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்துகின்றனவே, விடுவார்களா? ரீஜென்சி என்பது, இங்கிலாந்தின் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு மனநிலை சரியில்லாமல் போய், மகன் அவர் பெயரில் ஆண்ட காலம்: 1811 முதல் 1820 வரை, ஒன்பது வருடம்தான். அதற்குள் நாவல்களில் எத்தனை டியூக்குகளுக்கு (பிரபுக்களில் உச்சப் பட்டம்) கல்யாணம் ஆகிறது பாருங்கள்! அரச குடும்பத்தை விட்டுவிட்டால் நிஜத்தில் அன்று முப்பது டியூக்குகள்கூடத் தேறமாட்டார்கள், அவர்களிலும் பலர் கல்யாணம் ஆனவர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பிரபு வீட்டுப் பெண்ணின் அப்பா செத்தால் பட்டமும், பெரும்பாலும் அதோடு சேர்ந்த வீடும் நிலமும், எங்கோ இருக்கும் ஆண் பங்காளிக்குப் போய்விடும். 1753-ல் வந்த திருமணச் சட்டப்படி 21 வயது நிரம்பாதவர்களுக்குப் பெற்றோர் அல்லது கார்டியன் சம்மதம் வேண்டும் (அந்தச் சட்டம் ஸ்காட்லாந்தில் செல்லாது என்பதால்தான் நாவல்களில் ஜோடிகள் எல்லை தாண்டி கிரெட்னா கிரீனுக்கு ஓடுகிறார்கள்). கல்யாணம் ஆனால் கையில் இருக்கும் பணம் புருஷனுடையது. இதற்குமேல் சூனியக்காரி எதற்கு, சட்டமே போதும். தேவதைக்கும் ஆள் இருந்தது: லண்டனில் அல்மாக்ஸ் என்ற நடன அரங்குக்குள் புதன்கிழமை இரவு யாரை விடலாம் என்பதை விரல்விட்டு எண்ணக்கூடிய சில சீமாட்டிகள் முடிவு செய்தார்கள். அவர்கள் தரும் சீட்டு கிடைத்தால் நல்ல வரன் அமைய வழி உண்டு. கதையில் பன்னிரண்டு மணிக் கெடு, இங்கே பதினொரு மணிக்குமேல் வந்தால் கதவே திறக்காது.

பிரிட்ஜர்டன் நான்காவது சீசனுக்கு அடிப்படையான நாவல், ஜூலியா க்வின் 2001-ல் எழுதியது, இதைச் சரியாகப் பிடித்திருக்கிறது. நாயகி சோஃபி ஒரு பிரபுவின் மகள், ஆனால் முறைப்படி பிறந்தவள் இல்லை. அவளை இருபது வயது வரை வீட்டில் வைத்திருந்தால் சித்திக்குக் கூடுதல் பணம் என்று அப்பா உயில் எழுதிவைக்கிறார், அதனால் சித்தி அவளைத் துரத்தாமல் வேலைக்காரியாக வைத்துக்கொள்கிறாள். செருப்புக்குப் பதில் கையுறை. ஆனால் என்னை உலுக்கியது வேறு: இளவரசன் இடத்தில் இருக்கும் நாயகன் அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொல்வதில்லை, வைத்துக்கொள்கிறேன் என்கிறான். தானே அப்படிப்பட்ட உறவில் பிறந்தவள் என்பதால் அவள் மறுக்கிறாள். இந்த இடத்துக்காகவே படிக்கலாம். வண்டியும் பூசணிக்காயும் மட்டும் மாற்றி எழுதுகிறவர்கள் இந்த இடத்துப் பக்கமே போவதில்லை.

கே: அந்தக் காலத்துப் பெண்களே இந்தக் கதைகளைப் படித்திருப்பார்களா? (வாசகர், கோவை)

ப: சிலவற்றை, தாராளமாக. பிரெஞ்சு எழுத்தாளர் பெரோவின் சிண்ட்ரெல்லா பிரெஞ்சில் 1697-லும் ஆங்கிலத்தில் 1729-லும் வந்துவிட்டது. பியூட்டி அண்ட் த பீஸ்ட் நமக்குத் தெரிந்த சுருக்க வடிவில் 1756-ல் லண்டனிலேயே அச்சானது. எழுதிய லெப்ரான்ஸ் த போமோன் அங்கே பணக்கார வீட்டுப் பெண்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் முதல் தொகுதி 1812-ல் ஜெர்மனில் வந்தது, ஆங்கிலத் தொகுப்புக்கு 1823 வரை காத்திருக்க வேண்டும். ஆண்டர்சனின் பட்டாணி இளவரசி (மெத்தைகளுக்கடியில் ஒரு பட்டாணி இருந்தாலும் தூக்கம் வராதவளே நிஜ இளவரசி என்ற கதை) 1835. ஆக, 1815-ல் ஒரு கதாநாயகி மெத்தைக்கடியில் பட்டாணி என்று ஜோக் அடித்தால் எழுத்தாளர் தூங்கிவிட்டார் என்று அர்த்தம். அந்தக் கதையை வைத்துப் பின்னுவதில் தப்பே இல்லை, பாத்திரத்தின் வாயில் வரக்கூடாது, அவ்வளவுதான்.

கே: பியூட்டி அண்ட் த பீஸ்ட் பாணி நாவல்களில் அந்த 'மிருகம்' ஏன் எப்போதும் முகத்தில் தழும்போடு திரிகிற ராணுவ வீரன்? (வாசகி, சேலம்)

ப: நெப்போலியன் போர்கள், 1815-ல் வாட்டர்லூ. காயத்தோடு திரும்பியவர்கள் நிஜமாகவே நிறைய. எரிச்சல் என்னவென்றால், தழும்பைக் காட்டியே அவன் முந்நூறு பக்கம் எல்லோர் மேலும் எரிந்துவிழலாம், கடைசியில் அவள் மன்னித்துவிடுவாள். இதற்கு மாற்று வேண்டுமென்றால் எலோய்சா ஜேம்ஸின் 2011 நாவலைப் பாருங்கள். அதில் மிருகம் ஒரு நொண்டி டாக்டர், டிவியில் வந்த டாக்டர் ஹவுஸைப் பார்த்து உருவாக்கியது. அவனும் கடுகடுப்பவன்தான், ஆனால் அவளும் சளைக்காமல் திருப்பிக் கொடுக்கிறாள்.