தசமபாகம் பற்றி நீங்கள் கேட்டவை

அறுப்பின் பண்டிகை நெருங்கினாலே தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கர்த்தருக்குக் கொடுப்பது பற்றிய கேள்விகள் கூடிவிடும். வந்தவற்றில் பலருக்கும் பொதுவானவற்றை இங்கே எடுத்துக்கொண்டேன்.

பாளையங்கோட்டையில் ஆசிரியையாக இருக்கிறேன். வரி, பிஎப், எல்ஐசி எல்லாம் போகக் கைக்கு வருவதில் பத்தில் ஒன்று எடுப்பதா, மொத்தச் சம்பளத்திலா?

வேதத்தில் இதற்கு நேரடியான கட்டளை இல்லை. வரி உங்கள் கைக்கே வராத பணம், அதைக் கழித்துவிட்டுக் கணக்குப் பார்ப்பதில் தவறில்லை. பிஎப் அப்படியல்ல, அது உங்கள் சேமிப்பு. இப்போதே அதற்கும் சேர்த்துக் கொடுக்கலாம், அல்லது ஓய்வுபெற்று அந்தத் தொகை வரும்போது மறக்காமல் கொடுக்கலாம்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, எப்போது எடுத்துவைக்கிறீர்கள் என்பது. சம்பளம் ஏறிய அன்றே எடுத்துவையுங்கள். மாதக் கடைசியில் மீந்ததைக் கொடுக்க விசுவாசம் தேவைப்படாது. நம் சபைகளில் தாய்மார் உலையில் போடும் முன்பே கைப்பிடி அரிசியைக் காணிக்கைக்கென்று தனியாக எடுத்துவைத்தார்கள். அந்த மாதம் அரிசி போதுமா என்று தெரியாமலேதான் எடுத்தார்கள். 1903-இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் வரைக்கும் ஊழியரை அனுப்பியது. வெள்ளாளன்விளையில் பிறந்து, பின்னாளில் பேராயரான அசரியா அதில் முன்நின்றார். அந்த வேலையைத் தாங்கியது நம் ஜனங்களின் காணிக்கைதான்.

முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிறேன். வீட்டுக்காரருக்கு நிரந்தர வேலை இல்லை. குழுக் கடன் வாராவாரம் கட்ட வேண்டும், வெளியிலும் வட்டிக்கு வாங்கியிருக்கிறேன். தசமபாகம் கொடுக்காததால்தான் கடன் தீரவில்லை என்று ஜெபக்கூட்டத்தில் ஒருவர் சொல்கிறார். இன்னும் கொஞ்சம் வாங்கியாவது கொடுக்கட்டுமா?

வேண்டாம் அக்கா. வட்டிக்கு வாங்கிக் காணிக்கை போடாதீர்கள்.

உங்களிடம் அப்படிச் சொன்னவர், தசமபாகத்தைக் கொண்டுவந்தால் வானத்தின் பலகணிகளைத் திறந்து ஆசீர்வதிப்பேன் என்கிற மல்கியா 3:10-ஐத்தான் காட்டியிருப்பார். அதே அதிகாரத்தின் 5-ஆம் வசனத்தையும் அவர் வாசிக்க வேண்டும். கூலிக்காரனின் கூலியில் கைவைக்கிறவர்களுக்கும், விதவைகளையும் திக்கற்ற பிள்ளைகளையும் ஒடுக்குகிறவர்களுக்கும் விரோதமாகக் கர்த்தரே சாட்சியாக வருவேன் என்கிறார். அடுத்து உபாகமம் 14:28, 29. மூன்றாம் வருஷத்துத் தசமபாகத்தை ஊருக்குள்ளேயே வைக்கச் சொல்கிறது. ஆலய ஊழியம் செய்யும் லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து சாப்பிட்டுத் திருப்தியடைவதற்காக. உங்கள் நிலைமையில் இருக்கும் ஒரு குடும்பம் தசமபாகத்தைப் பெற வேண்டிய இடத்தில் இருக்கிறது என்றுதான் இதை வாசிக்கிறேன். உங்கள் சேகரத்து (சில சபைகள் சேர்ந்த வட்டாரம்) குருவிடமோ சபை மூப்பரிடமோ கடனைப் பற்றி ஒளிக்காமல் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம், தாங்குவது சபையின் கடமை.

ஆலயக் காணிக்கைப் பெட்டியில் தன்னிடம் இருந்த இரண்டு காசையும் போட்ட விதவையைச் சொல்லி உங்களை நெருக்குகிறவர்களும் உண்டு. அவளை யாரும் நெருக்கவில்லை. அதற்குச் சற்று முன்புதான் இயேசு, விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரைக் கண்டித்தார் (மாற்கு 12:40). தசமபாகம் கொடுக்காவிட்டால் சாபம் என்ற பயமும் வேண்டாம். கிறிஸ்து நியாயப்பிரமாணத்தின் சாபத்திலிருந்து நம்மை மீட்டுவிட்டார் என்று கலாத்தியர் 3:13 சொல்கிறது.

அப்படியும் கொடுக்காமல் இருக்க மனம் கேட்கவில்லை என்றால், ஐந்து ரூபாயோ ஒரு கைப்பிடி அரிசியோ சந்தோஷமாகக் கொடுங்கள். இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும் என்றுதான் பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். மற்றதை வைத்து, வட்டி அதிகமான கடனை முதலில் அடையுங்கள்.

களக்காட்டில் வாழை போட்டிருக்கிறேன். வருஷம் தவறாமல் தசமபாகம் கொடுத்தவன். இந்த முறை குலை தள்ளிய மரமெல்லாம் காற்றில் சாய்ந்துவிட்டது. வானத்தின் பலகணிகள் எனக்கு ஏன் திறக்கவில்லை?

அண்ணாச்சி, ஏன் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி பேசுகிறவர்களையும் நம்பாதீர்கள். நீங்கள் கொடுத்ததில் குறை இருந்ததால் காற்று அடித்தது என்று மட்டும் நினைக்க வேண்டாம். பக்கத்து வயல்காரர் மரமும்தானே சாய்ந்தது.

தசமபாகம் பயிருக்குக் கட்டும் இன்ஷூரன்ஸ் பிரீமியம் அல்ல. விளைச்சலைத் தந்தவர் அவர் என்று ஒத்துக்கொள்வது அது. விளையாத வருஷமும் அவரை விடமாட்டேன் என்பதையும் சேர்த்துத்தான் நாம் கொடுக்கிறோம். ஆபகூக் 3:17, 18-ஐ இந்த வாரம் வாசியுங்கள். அத்திமரம் துளிர்விடாமல், வயல் விளையாமல், தொழுவம் வெறுமையாக இருக்கும்போது பாடிய பாட்டு அது. அழுதுகொண்டே வாசித்தாலும் சரி.

இந்த வருஷம் விளைவு இல்லை, அதனால் தசமபாகமும் இல்லை. குற்ற உணர்வு வேண்டாம். அடுத்த அறுவடையில் கன்று, உரம், முட்டுக்கம்பு, ஆள்கூலி எல்லாம் கழித்துவிட்டு மீதிக்குக் கணக்குப் பாருங்கள். நிவாரணத்துக்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் உடனே எழுதிக் கொடுங்கள்.

எங்கள் சேகரத்தில் கணக்கு ஒழுங்காகக் காட்டுவதில்லை. டிவி ஊழியத்துக்கு அனுப்பிவிடலாமா?

கணக்குக் கேட்பது விசுவாசக் குறைச்சல் இல்லை. எருசலேம் ஏழைகளுக்கான பணத்தைக் கொண்டுபோனபோது, யாரும் குற்றம் சொல்லக் கூடாது என்று பவுல் கூடவே ஆட்களைச் சேர்த்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8:18-21). சபைக் கூட்டத்தில் எழுந்து மரியாதையாகக் கேளுங்கள். ஆனால் முகம் தெரியாத ஊழியத்தின் கணக்கை நீங்கள் எப்படிப் பார்ப்பீர்கள்? பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதும், நோயில் வீட்டுக்கு வந்து ஜெபிப்பதும், அடக்க ஆராதனை நடத்துவதும் உள்ளூர்ச் சபைதான். ஒரு பங்காவது அங்கே நிற்கட்டும். மீதியை உங்களுக்குத் தெரிந்த ஏழைப் பிள்ளையின் படிப்புக்குக் கொடுத்தாலும் நான் மறுப்புச் சொல்லமாட்டேன்.

அப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. தசமபாகப் பணத்தை அதற்கு எடுக்கலாமா?

எடுங்கள். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் காணிக்கை என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு கண்டித்தார் (மாற்கு 7:11). திருப்பிக் கட்ட வேண்டிய பாக்கி என்று எழுதியும் வைக்காதீர்கள்.

ஐயர்மார் (சபை குருமார்) தசமபாகம் கொடுக்க வேண்டுமா?

ஆம். எண்ணாகமம் 18:26 பாருங்கள். லேவியரும் தாங்கள் வாங்கிய தசமபாகத்தில் பத்தில் ஒரு பங்கைச் செலுத்த வேண்டியிருந்தது.